பழுப்புத் தண்ணீர் வரும் நாள்

லார்ச்வில், மனிடோபா, கனடா
21 ஏப்ரல் 2024

பிரியமுள்ள தௌஃபீக் மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம். நீங்களும் மாமியும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன். மாமியின் முழங்கால் எப்படி இருக்கிறது? போனில் கேட்டால், "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்கிறார். உண்மையை நீங்கள்தான் எழுத வேண்டும். போன் வீட்டுக்கு, கடிதம் நமக்கு என்று நான் கிளம்பிய அன்று பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் பேசிக்கொண்டோம். நான் அதை மீறவில்லை. போன மாதம் கடிதம் போடாதது நீங்கள்தான்.

இங்கே பனி உருகிவிட்டது. ஐந்து மாதமாக வெள்ளையாகக் கிடந்த வயல்களில் கறுப்பு மண் தெரிகிறது. போன மாதம்வரை உறைந்த ஆற்றின் மேல் நடந்துபோய்த் துளைபோட்டுத் தண்ணீர் எடுத்தேன். இப்போது அதே இடத்தில் ஆள் உயரத்துக்கு ஓடுகிறது.

"தௌஃபீக் பொண்டாட்டி அங்க போயி என்னதான் பண்றா?" என்று தெருவில் கேட்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்களே. இப்படிச் சொல்லுங்கள்: எவ்வளவு பனி கிடக்கிறது, எத்தனை டிகிரி வெயில் அடிக்கிறது, அடியில் மண் எவ்வளவு ஆழத்துக்கு உறைந்திருக்கிறது என்பதையெல்லாம் கணினிக்குக் கொடுத்து, அந்தப் பனி உருகி எந்த நாளில் ஆற்றுக்கு வரும், என்ன அழுக்கைச் சுமந்து வரும் என்று முன்கூட்டியே சொல்கிறாள். அந்த மாடல் சொல்கிற தேதியை வைத்து இந்த ஊர்க் குடிநீர் நிலையம் ஆற்றிலிருந்து தண்ணீர் எடுப்பதை நிறுத்தும்.

இந்த வருடம் ஆறு கொஞ்சம் முன்னே பின்னே ஆகிவிட்டது. பெருநாளைக்குப் பிரியாணி செய்யவில்லை. வேலை இருந்தது.

டிக்கெட் இன்னும் போடவில்லை. போட வேண்டும்.

மாமிக்கு என் ஸலாம்.

உங்கள்
அஸ்ரின்


லப்பைக்குடிக்காடு
14 மே 2024

அன்புள்ள அஸ்ரினுக்கு,

வ அலைக்கும் ஸலாம். நாங்கள் நலம். அம்மாவுக்கு வலது முழங்கால் பரவாயில்லை. இடதுகால்தான் படியேற மறுக்கிறது. நான் எழுதியதாகச் சொல்லிவிடாதே.

வெயில் மண்டையைப் பிளக்கிறது. வெள்ளாற்றில் மணல் மட்டும் கிடக்கிறது. போர்வெல்களில் தண்ணீர் கீழே போனதால் மோட்டார்கள் வரிசையாகப் புகைகின்றன. நானும் மதுரைவீரனும் காலையில் கடையைத் திறந்தால் செம்புக்கம்பிச் சுருள் கட்டிக் கட்டி விரல் மரத்துவிடுகிறது. நேற்று வேப்பந்தட்டையிலிருந்து ஒரே பைக்கில் இரண்டு மோட்டார் வந்தது.

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். பனியைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறாய். டிக்கெட்டைப் பற்றி ஒன்றரை வரி. பெருநாளைப் பற்றியும் ஒன்றரை வரி. ஜூன் முதல் வாரம் வருவதாகத்தான் பேச்சு. அம்மா உன் அலமாரியைக் காலிசெய்து புதுத் தாள் விரித்துவிட்டார்.

ஆறு முன்னே பின்னே ஆனது என்றால் என்ன அர்த்தம்? எனக்குப் புரிகிற மாதிரி எழுது.

துஆவுடன்
தௌஃபீக்


லார்ச்வில்
5 ஜூன் 2024

பிரியமுள்ள மச்சானுக்கு,

ஸலாம். உடம்புக்கு ஒன்றுமில்லை. மாமியின் இடதுகாலைப் பற்றி நான் வாய்திறக்க மாட்டேன்.

கேட்டுவிட்டீர்கள், எழுதுகிறேன். மாட்டு எருப் போட்ட வயல்களில் உருகி வருகிற முதல் தண்ணீர் டிகாக்‌ஷன் நிறத்தில் இருக்கும். அது குடிநீர் நிலையத்துக்குள் போகக் கூடாது. அது வருவதற்குக் கொஞ்சம் முன்னால் ஆற்றுக் குழாயை மூடிவிட்டுத் தொட்டித் தண்ணீரில் ஊர் சமாளிக்கும். தொட்டியில் ஐந்து நாளைக்குத்தான் இருப்பு. அதனால்தான் தேதி முக்கியம்.

ஏப்ரல் 9 என்று நான் சொன்னேன். டோனா, நிலையத்தை நடத்துகிற அம்மா, என்னை நம்பி 8ஆம் தேதி மூடினார். 9 வந்தது, 10 வந்தது, பெருநாளும் வந்தது. தண்ணீர் வரவில்லை. வெயில் மட்டும் அடித்தது. 13ஆம் தேதி தொட்டி அடி தட்டியதால் வேறு வழியில்லாமல் குழாயைத் திறந்தார். 14ஆம் தேதி விடிந்தபோது அத்தனையும் ஒரே மூச்சில் வந்து இறங்கியது. பதினொரு நாள் ஊரே தண்ணீரைக் கொதிக்கவைத்துக் குடித்தது.

யாரும் என்னைத் திட்டவில்லை, மச்சான். திட்டியிருந்தால் தேவலை. டோனா என் தோளைத் தட்டி, "நாம் இரண்டு பேரும்தான் தப்பாகக் கணக்குப் போட்டோம்" என்றார். கணக்குப் போட்டது நான் மட்டும்தான்.

இன்னொரு வருடம் இருந்து சரிசெய்யச் சொல்கிறார்கள். நான் பதில் சொல்லவில்லை. தப்பு எங்கே என்றே தெரியவில்லை. "வந்துவிடு" என்று எழுதுங்கள், வந்துவிடுகிறேன். மனதோடு வருவேன்.

அஸ்ரின்


லார்ச்வில்
20 ஜூலை 2024

மச்சானுக்கு ஸலாம்.

என் கடிதம் கிடைத்ததா? போனில் தினமும் பேசுகிறீர்கள், மழையைச் சொல்கிறீர்கள், மோட்டாரைச் சொல்கிறீர்கள். பக்கத்தில் மாமி இருக்கும்போது நான் வேறு எதைக் கேட்பேன்? ஹஜ்ஜுப் பெருநாளும் போய்விட்டது.

இன்னொரு வருடம் இருப்பதா என்று முடிவுசெய்ய மூன்று மாதம் தவணை கொடுத்திருக்கிறார்கள். அதற்குள் பதில் சொல்ல வேண்டும். நான் நலம். நீங்கள் நலமா?

அஸ்ரின்


லப்பைக்குடிக்காடு
2 ஆகஸ்ட் 2024

அஸ்ரினுக்கு,

ஸலாம். இங்கே எல்லோரும் சுகம், நான் உள்பட.

கோபமில்லை என்று எழுதினால் பொய். உன் கடிதம் வந்த முதல் இரண்டு வாரம் எனக்குக் கோபம்தான். எட்டு வருடம் ஷார்ஜாவில் கிடந்துவிட்டு, இனி குடும்பத்தோடு இருக்கலாம் என்று வந்தவன் நான். வந்து கல்யாணம் செய்தால் பெண்டாட்டி விமானம் ஏறிவிட்டாள் என்று கடையில் நானே சொல்லிச் சிரிப்பேன். வீட்டுக்கு வந்தால் சிரிப்பு வராது.

போன வெள்ளிக்கிழமை ஷேக் தாவூது வீட்டு ரஷீதா லாத்தா மிக்ஸி மோட்டாரைக் கொண்டுவந்தார். வேலை முடிகிறவரை உட்கார்ந்திருந்தவர், "தம்பி, மொத வருசந்தான் கஷ்டமா இருக்கும். அப்பறம் பழகிப்போயிடும். அவுக வெளிநாடு போயி எனக்குப் பதினாலு வருசமாச்சு" என்றார். மதுரைவீரன் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடிவிட்டார். எனக்கும் சிரிப்பு வந்தது. அப்புறம் ரொம்ப நேரம் யோசனை வந்தது. நம் தெருவில் எத்தனை வீட்டில் பெண்கள் இப்படிக் காத்திருந்திருக்கிறார்கள்! ஷார்ஜாவில் இருந்தபோது ஒருநாளாவது நான் இதை நினைத்தேனா?

நீ எழுதியதை அன்றைக்கே அம்மாவிடம் சொன்னேன். அவர் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஆரம்பிச்ச வேலைய அவ முடிச்சுட்டு வரட்டும்டா. பாதியில வந்தா இங்க ஒக்காந்துகிட்டு அந்த ஆத்தத்தான் நெனச்சுகிட்டிருப்பா. ஒங்கத்தா மூணு வருசத்துக்கு ஒருக்கா வந்தாரு. நான் கீரை ஆயாமயா இருந்தேன்?" என்றார்.

ஆகவே இரு. மனதோடுதான் எழுதுகிறேன். தப்பு எங்கே என்று கண்டுபிடி. இனி மாதம் ஒரு கடிதம் தவறாது.

தௌஃபீக்


லார்ச்வில்
18 செப்டம்பர் 2024

என் மச்சானுக்கு,

ஸலாம், ஸலாம், ஸலாம். ஒன்று உங்களுக்கு, ஒன்று மாமிக்கு, ஒன்று ரஷீதா லாத்தாவின் மிக்ஸிக்கு.

உங்கள் கடிதத்தைத் தபால் நிலைய வாசலிலேயே நின்று படித்தேன். படித்துவிட்டு நேராக டோனாவிடம் போனேன். "இருக்கிறேன்" என்றேன். அவர் எழுந்து தேநீர் போட்டார். அதில் பால் விட மறந்துவிட்டார், நானும் சொல்லாமல் குடித்தேன்.

வாத்துக்கூட்டங்கள் தெற்கே போகத் தொடங்கிவிட்டன. காலையில் புல்லின் மேல் உறைபனி. ஒவ்வொரு எண்ணாகப் பிரித்துப் பார்க்கிறேன். பனியின் அளவு சரி. வெயில் சரி. மண் உறைந்த ஆழம் சரி. உருகிய நாள்கூடச் சரி: வயலில் 8ஆம் தேதியே தண்ணீர் நின்றதைக் கண்ணால் பார்த்தேன். ஆனால் அது ஐந்து நாள் எங்கே போயிருந்தது? வயலிலிருந்து ஆறு வரை பத்துக் கிலோமீட்டருக்கு ஐந்து நாளா? நடந்து வந்தாலே இரண்டு மணி நேரம்தானே.

சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், கவலைப்படாதீர்கள்.

அஸ்ரின்


லப்பைக்குடிக்காடு
10 டிசம்பர் 2024

அன்புள்ள அஸ்ரினுக்கு,

வ அலைக்கும் ஸலாம். அம்மாவுக்கு லேசாகச் சளி, கஷாயம் குடித்துச் சரியாகிவிட்டது. எனக்கு ஒன்றுமில்லை. மாதம் தவறாது என்றேன், தவறிவிட்டது. மழை விடவில்லை. வெள்ளாறு இரண்டு கரையும் தொட்டு ஓடுகிறது. ஊரே சாயங்காலமானால் பாலத்தில் நிற்கிறது, நானும்தான்.

விக்கிரமங்கலம் பஞ்சநாதனைத் தெரியுமல்லவா? அத்தா காலத்திலிருந்து நம்மிடம்தான் மோட்டார் பார்க்கிறார். போன வாரம் போன் செய்து, "பாய், மோட்டார் ரூமுக்குள்ள தண்ணி பூந்துடுச்சு, வந்து பாருங்க" என்றார். போனால், வயல் முழுக்கச் சேறு. மனிதர் ஆச்சரியம் தாங்காமல் நிற்கிறார். "மழ நின்னு ரெண்டு நாளாச்சு பாய். வானம் வெளுத்துப்போச்சு. அப்பறம் எங்கேருந்து வந்துச்சு இம்மாந் தண்ணி?"

மேலே போய்ப் பார்த்தோம். ரோட்டுக்கு அடியில் போகிற குழாய்ப் பாலத்தில் ஆகாயத்தாமரையும் குப்பையும் சேர்ந்து அடைத்திருக்கிறது. இரண்டு நாள் மழைத் தண்ணீர் முழுவதும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் குளமாக நின்றிருக்கிறது. அன்று காலை ஜேசிபி ஓட்டுகிற கொளஞ்சியப்பன் வண்டியைக் கொண்டுவந்து குழாயைத் தோண்டிவிட்டிருக்கிறார். அவ்வளவுதான். அத்தனையும் பஞ்சநாதன் வயலில். கன்னங்கரேலென்று, நாற்றம் வேறு. மோட்டாரைக் கழற்றிவந்து காய வைத்தேன், பிழைத்துக்கொண்டது.

திரும்பி வரும்போது உன் ஐந்து நாள் ஞாபகம் வந்தது. உன் ஊரிலும் ரோடு இருக்குமே, ரோட்டுக்கு அடியில் குழாய் இருக்குமே, அந்தக் குளிரில் குழாய்க்குள் பனி அடைக்காதா? படித்தவர்கள் இதையெல்லாம் பார்த்திருப்பீர்கள். சும்மா கேட்டேன்.

தௌஃபீக்


லார்ச்வில்
9 ஜனவரி 2025

மச்சான்,

ஸலாம். சுகமா என்று அடுத்த கடிதத்தில் கேட்கிறேன்.

படித்தவர்கள் பார்க்கவில்லை. மாடலில் மேடு இருக்கிறது, பள்ளம் இருக்கிறது, வாய்க்கால் இருக்கிறது, ரோட்டுக்கு அடியில் குழாய் திறந்தே இருப்பதாகத்தான் இருக்கிறது. உங்கள் கடிதம் கைக்கு வந்த அன்று மைனஸ் இருபத்தெட்டு. கோட்டை மாட்டிக்கொண்டு ஊராட்சிக் கொட்டகைக்குப் போனேன். அங்கே கார்ல் என்று ஒருவர் இருக்கிறார். வசந்தம் வந்தால் லாரியில் கொதிகலன் ஏற்றிக்கொண்டு போய், ஒவ்வொரு குழாய்ப் பாலத்திலும் நீராவி விட்டு உள்ளே இருக்கிற பனிக்கட்டியை உருக்கித் திறப்பதுதான் அவர் வேலை. நூற்று நாற்பத்து மூன்று குழாய்கள். அதுவரை ஒவ்வொரு ரோடும் ஒரு அணைதான்.

"எந்தக் குழாயை எந்த நாள் திறந்தீர்கள் என்று எழுதி வைத்திருக்கிறீர்களா?" என்று கேட்டேன். "எழுதாமல் எப்படி? ஒன்பது வருடமாக எழுதுகிறேன். ஆனால் யாரும் கேட்டதில்லையே" என்றார். போன வசந்தத்தில் அவருடைய கொதிகலன் நான்கு நாள் பழுதாகிக் கிடந்திருக்கிறது. 13ஆம் தேதிதான் பெரிய குழாய்களைத் திறந்திருக்கிறார்.

அந்தத் தேதிகளை மாடலுக்குக் கொடுத்தேன். ஓடி முடிக்க நாற்பது நிமிடம் ஆகும். நான் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். திரும்பிப் பார்த்தபோது திரையில் வெள்ளத்தின் கோடு எழுந்திருந்தது. ஏப்ரல் 14, அதிகாலை. எரு கரைந்த அளவுகூட நாங்கள் அளந்ததோடு ஒட்டிப்போகிறது: ஐந்து நாள் வயலில் ஊறியிருக்கிறதே. முந்தைய எட்டு வருடத்தையும் ஓட்டிப் பார்த்தேன். ஏழு வருடம் ஒரு நாளுக்குள் விழுந்தது.

இந்த அறையில் தனியாக நின்று "மச்சான்" என்று கூப்பிட்டேன். பக்கத்து அறைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

உங்கள், உங்கள், உங்கள்
அஸ்ரின்


லப்பைக்குடிக்காடு
12 பிப்ரவரி 2025

அஸ்ரினுக்கு,

ஸலாம். எல்லோரும் சுகம். உன் கடிதத்தில் மற்றவர்கள் படிக்கலாம் என்று தோன்றிய பக்கத்தை மட்டும் பஞ்சநாதனுக்குப் படித்துக் காட்டினேன். "அப்ப கனடா வரைக்கும் போயிருக்கு என் மோட்டார் ரூமு" என்கிறார். ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

நான் கேட்டது ஒரு கேள்விதான். கொட்டகைக்குப் போய் நோட்டைக் கேட்டு வாங்கியவள் நீ. அதை மறந்துவிடாதே.

இங்கே விசேஷம் ஒன்றுமில்லை. போன வாரம் ஒரு வேலையாகச் சென்னைக்குப் போய் வந்தேன். பழைய போட்டோ நன்றாக இல்லையென்று வேறு எடுக்கச் சொன்னார்கள், எடுத்தேன். மதுரைவீரன் இப்போது தனியாகவே கடையைப் பார்க்கிறார், நல்ல கைத்திறன். ஆமாம், ஏப்ரலில் உன் ஊரில் குளிர் எந்த அளவுக்கு இருக்கும்? ஒரு ஸ்வெட்டர் போதுமா? கடையில் ஒருவர் கேட்டார்.

நோன்பு நெருங்குகிறது. விடியலுக்கு முன் ஸஹருக்கு எழ அலாரம் இரண்டு வைத்துக்கொள்.

தௌஃபீக்


லார்ச்வில்
8 ஏப்ரல் 2025

பிரியமுள்ள மச்சானுக்கு,

ஸலாம். உடம்பு சுகம், மனசுதான் நிலைகொள்ளவில்லை. பெருநாள் முடிந்து ஒரு வாரமாயிற்று. கடையில் கேட்டவருக்கு ஒரு ஸ்வெட்டர் போதவே போதாது என்று சொல்லுங்கள். யார் அவர், எதற்குக் கேட்டார்?

வயல்களில் தண்ணீர் நிற்கத் தொடங்கிவிட்டது. கார்ல் தினமும் மாலை போன் செய்து, திறந்த குழாய்களின் எண்ணைச் சொல்கிறார். நான் மாடலை ஓட்டுகிறேன். 11ஆம் தேதி மாலை நான்கு மணி என்று வருகிறது. டோனாவிடம் அன்று மதியம் மூடச் சொல்லிவிட்டேன். அவர், "சரி, மதியம்" என்றார். அவ்வளவுதான். போன வருடம் நடந்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நேற்று போன் செய்தேன். மாமி எடுத்து, "அவன் வெளியூரு போயிருக்கான்மா, மோட்டார் வேல" என்றார். எந்த ஊர் என்றால் இருமுகிறார். அவருக்குச் சளி திரும்ப வந்துவிட்டதா? இன்றைக்கும் உங்கள் போன் அணைந்திருக்கிறது. இந்த மூன்று நாளும் நீங்கள் ஒரு வார்த்தை பேசினால் எனக்குத் தைரியமாக இருக்கும் என்று மாமியிடம் போனில் சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால் இதில் எழுதுகிறேன்.

அஸ்ரின்


லார்ச்வில்
17 ஏப்ரல் 2025

அன்பும் மரியாதையும் மிக்க அம்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் மகன் தௌஃபீக் எழுதுவது. கண்காணாத தூரத்திலிருந்து எழுதுகிறேன், ஆனால் சுகமாக இருக்கிறேன். உங்கள் மருமகளும் சுகம். போனில் சொன்னதுதான் என்றாலும், நடந்ததை முழுக்க எழுதச் சொன்னீர்கள்.

10ஆம் தேதி சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கினேன். அவள் குடிநீர் நிலையத்தில் வேலையாக இருந்தாள். பார்த்தேன். சந்தோஷம்.

மறுநாள் மதியம் பன்னிரண்டு மணிக்கு டோனா அம்மா சக்கரத்தைத் திருகி ஆற்றுக் குழாயை மூடினார். பிறகு எல்லோரும் பாலத்துக்குப் போனோம். கார்லும் வந்தார், அவர் மனைவியும் வந்தார், ஊர்க்காரர்கள் இருபது பேர் இருப்பார்கள். நாலு மணி ஆயிற்று. தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிவாகவே ஓடியது. நாலரை. ஐந்து. இவள் ஆற்றைப் பார்க்கவே இல்லை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பக்கத்தில் நின்றேன், வேறு என்ன செய்வது?

ஐந்தேகாலுக்கு மேலே வளைவில் ஒரு முறிகிற சத்தம். பெரிய பெரிய பனிக்கட்டிகள், நம் வீட்டுக் கதவு அளவு, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு வந்தன. அதற்குப் பின்னால் தண்ணீர் நிறம் மாறி வந்தது. முதலில் வெளிறிய தேநீர், அப்புறம் கடுங்காப்பி. கயிற்றில் பாட்டிலைக் கட்டி இறக்கி எடுத்தாள். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். அம்மா, அழுக்குத் தண்ணீரைப் பார்த்து ஒரு மனுஷி அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஒரு மணி நேரம் பதினைந்து நிமிடம்தான் பிந்தியது. கார்ல் தொப்பியைக் கழற்றி ஆட்டினார். டோனா அம்மா என்னையும் சேர்த்துக் கட்டிப்பிடித்துவிட்டார், நான் நெளிந்தேன்.

நாலு நாள் தொட்டித் தண்ணீரில் ஊர் ஓடியது. 15ஆம் தேதி ஆறு தெளிந்தது, குழாயைத் திறந்தார்கள். ஒரு வீட்டிலும் கொதிக்கவைக்கவில்லை. வருடா வருடம் உருகும் பருவத்தில் இரண்டு மாதம் மட்டும் அவளை வந்து போகச் சொல்கிறார்கள். மீதி வேலையை நம் ஊரிலிருந்தே பார்க்கலாமாம். "ஒங்க மாமியைத்தான் கேக்கணும்" என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். ஜூன் 3 கிளம்புகிறோம். ஹஜ்ஜுப் பெருநாளுக்கு வீட்டில் இருப்போம், இன்ஷா அல்லாஹ்.

மதுரைவீரனுக்கு என் அன்பைச் சொல்லுங்கள். மீதி இடத்தில் அவள் எழுதுகிறாள்.

உங்கள் மகன்
தௌஃபீக்

மாமிக்கு அஸ்ரினின் ஸலாம். இரண்டு மாதம் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் இருந்துவிட்டீர்கள், அந்த இருமலை நான் மறக்க மாட்டேன். உங்கள் மகன் "பார்த்தேன், சந்தோஷம்" என்று இரண்டு வார்த்தையில் முடித்திருக்கிறார். நடந்ததை நான் சொல்கிறேன். இவர் வந்து இறங்கிய சாயங்காலம் கார்ல் போனில் குழாய் எண்களைச் சொல்லிக்கொண்டிருந்தார், நான் குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். கதவு திறந்தது. தொப்பிக்கோட்டு, முகம் தெரியாத கம்பளி. யாரோ பில் கட்ட வந்திருக்கிறார் என்று நினைத்து, நிமிராமலே, "ஒரு நிமிடம், உட்காருங்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னேன். இருபது மாதம் காத்திருந்த மனிதர், மாமி, சரியென்று நாற்காலியை இழுத்துப்போட்டு அந்த ஒரு நிமிடமும் உட்கார்ந்திருந்தார்.